கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வரும்?

பீ...ப். செத்த நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் பீ...ப். விளக்கணைத்த ஹாலிலிருந்து, யாரோ மூக்கடைப்போடு அழுவது மாதிரி ஒரு சத்தம்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். மற்ற எது கெட்டாலும் கம்ப்யூட்டர் பெட்டி பெரும்பாலும் கமுக்கமாக இருந்துவிடும். ரேம் என்று நாங்கள் சொல்லும் மெமரிப் பலகை சரியாக உட்காரவில்லை என்றால் மட்டும் இப்படி வாய்விட்டுக் கத்தும். பகலில், கடையில், நாலு பேர் நடுவில் கேட்டால் சிரிப்பு வரும். புருஷன் கத்தாரில் இருக்க, பக்கத்தில் இரண்டரை வயதுப் பிள்ளை தூங்க, மாடி வீட்டில் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

நான் திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். கான்வென்ட்டில் படித்தவள், டப்பா மேல் இருக்கும் இங்கிலீஷைப் படித்துச் சொல்வாள் என்று முதலாளி வேலை கொடுத்தார். டப்பாவில் இருப்பது இங்கிலீஷே இல்லை, வெறும் நம்பர் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் நரம்பு புடைத்த எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை தூங்கிவிட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நாற்காலிமேல் குடம்

முதலில் அந்தச் சத்தத்தின் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளரின் பெட்டி அடிக்கடி தானாக அணைந்துகொண்டிருந்தது. மெமரியைச் சோதிக்கும் வேலை மணிக்கணக்கில் ஓடும் என்பதால் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் ஓட விட்டிருந்தேன். ஆட்டோவில் வந்த குலுக்கலில் ரேம் பாதி கழன்றிருக்கிறது. நடுவில் பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டது.

எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. முதலில் கை போனது பிள்ளை நெற்றிக்கு. அதற்குக் காரணம் உண்டு. கவினுக்கு ஒரு வயதாகும் முன்னால் ஒரு நாள் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. உடம்பு விறைத்து, கண் மேலே சொருகிவிட்டது. அவனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் மேல் தாழ்ப்பாளை இழுக்கிறேன், அது வரவே இல்லை. பழைய காலத்து ரெட்டைக் கதவு, இறுகிப் போன தாழ்ப்பாள். அந்தப் பக்கம் கீழ்வீட்டு மெஹர் அக்கா கதவை இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இந்தப் பக்கம் நான். எப்படித் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். காய்ச்சலில் வருவதுதான், வளர வளரப் போய்விடும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் அந்தக் கதவைத் தாழ் போடுவதில்லை. சும்மா சாத்தி, ஒரு நாற்காலியை அண்டக் கொடுத்து, அதன்மேல் எவர்சில்வர் குடத்தை வைத்துவிடுவேன். யாராவது திறந்தால் குடம் விழும், நான் எழுந்துகொள்வேன். உதவிக்கு வருகிறவர்களுக்கும் தடை இருக்காது. இதுதான் என் செக்யூரிட்டி சிஸ்டம்.

பெட்டி கத்திய அன்று குடமும் விழுந்தது. பெட்டியின் சத்தம் கேட்டு மெஹர் அக்கா மாடியேறி ஓடி வந்து கதவைத் தள்ளியிருந்தார்கள். நான் ரேமைக் கழற்றி, கவினுடைய வெள்ளை ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்துத் துடைத்து, ‘டக்’ என்று உட்கார வைத்தேன். சத்தம் நின்றது. உருண்டு கிடந்த குடத்தை எடுத்து வைத்துக்கொண்டே அக்கா சொன்னார்கள்: “ஏம்மா ஷர்மி, ஒம் புள்ளகூட இப்டி அழுவுறதில்லயே. இதுக்குத்தான் ஒங்க கடையில காசு வாங்குறாகளா?”

முதல் பரோட்டா

எரியோட்டிலிருந்து ஓர் அம்மா, இன்ஜினியரிங் சேர்ந்த மகளோடு வந்தார்கள். முருங்கைத் தோட்டம். மகளுக்குப் பெட்டி அசெம்பிள் செய்ய வேண்டும். இரண்டு ரேம் டப்பாக்களை எடுத்து வைத்தேன். ஒன்றில் 3200, இன்னொன்றில் 3600. “பெரிசக் குடு தாயி” என்றார்கள் உடனே. வருகிற எல்லாரும் சொல்வதுதான். அந்த நம்பர் வேகம். ஆனால் டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் சி.எல். என்று இன்னொரு நம்பர் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. அது தாமதக் கணக்கு, நாங்கள் லேட்டன்சி என்போம். இந்த நம்பர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

நான் பரோட்டாக் கடையைத்தான் இழுப்பேன். மாஸ்டர் ஒரு ஈட்டுக்கு எத்தனை பரோட்டா எடுக்கிறார் என்பது வேகம். நீங்கள் உட்கார்ந்து, “ரெண்டு பரோட்டா” என்று சொன்னதிலிருந்து முதல் பரோட்டா இலையில் விழுகிற வரைக்கும் ஆகிற நேரம் லேட்டன்சி. கல்யாண கோஷ்டி மாதிரி கூட்டமாகச் சாப்பிட வந்தால் வேகம் முக்கியம். பசியோடு ஒற்றை ஆளாக வந்தால் முதல் பரோட்டா முக்கியம். இந்த 3200-க்கு சி.எல். பதினாறு, அந்த 3600-க்குப் பதினெட்டு. வகுத்துப் பார்த்தால் முதல் பரோட்டா இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில்தான் வரும். ஆகவே தாமதத்தில் வித்தியாசமில்லை, பெரிய நம்பர் கொஞ்சம் அதிகமாக வாரிக் கொட்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய நம்பரைப் போட்டுவிட்டு சி.எல்லையும் இருபத்திரண்டு என்று ஏற்றி வைத்திருக்கும் டப்பாவும் உண்டு. அதில் முதல் பரோட்டாவுக்கு இலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மகள் கணக்குப் போட்டுப் பார்க்க போனை எடுத்தாள். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. “அப்ப எங்க வீட்டுக்காரருக்கு லேட்டன்சி சாஸ்தி தாயி. வரப்புல நின்னு கூப்புட்டா, கஞ்சி ஆறுனதுக்கப்புறந்தான் ‘என்னாங்குற’ம்பாரு.”

கத்தார் லைன்

அந்தம்மா சொன்னதற்குக் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் வேகத்தில் குறையில்லாதவர். வெள்ளிக்கிழமை வந்தால் போனே திணறும். போட்டோ, வீடியோ, கவினுக்குப் பாட்டு, எனக்கு அறிவுரை எல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டுவார். நான் கூப்பிடுகிற நேரத்தில் மட்டும் கிடைக்க மாட்டார். அங்கே வேலைக்கு இறங்கினால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அது அவர் குற்றமில்லை.

ஒரு நாள் கவினுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது, காய்ச்சல் என்று மெசேஜ் போட்டு வைத்தேன். காய்ச்சல் இறங்கி, பிள்ளை எழுந்து இட்லி கேட்டு, தின்று முடித்து, பாதியைச் சுவரில் பூசிய பிறகு பதில் வந்தது: “ஸாரிடி, இப்பத்தான் பாத்தேன். எங்க அவன்? ஒரு தடவ சிரிக்கச் சொல்லி அனுப்பு, நா இங்க சாப்பாட்டுல கை வைக்காம ஒக்காந்துருக்கேன்.”

மாமனாரோடு மலையேறியது

ஆயக்குடிக் கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர், பெட்டியைத் துண்டில் சுற்றி, கைப்பிள்ளையைப் போலத் தூக்கி வந்தார். ஆன்லைனில் நல்ல வேகமான ரேம் வாங்கி, பழைய ரேமுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறார். “ஏனுங்க அம்மிணி, புதுசு போட்டும் முந்தி மாதிரியே நவுருதுங்க. ஏமாத்திப் போட்டானுங்களா?” என்றார். யாரும் ஏமாற்றவில்லை. வேகம் வேறு வேறான இரண்டு ரேமைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதின் வேகத்துக்கே வந்துவிடும். புதுசு தன் பாட்டுக்கு ஓடாது.

அவருக்கு வேகமே தேவையில்லை என்பதும் பேசப் பேசத் தெரிந்தது. கொய்யாப் பெட்டிகளுக்குப் பில் அடிப்பதும், மகன் வீட்டுப் பேத்தியை வீடியோவில் பார்ப்பதும்தான் வேலை. மெமரியில் இடம் கூடியிருக்கிறதே, அது போதும், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், புதுசாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆயக்குடிக்காரர் அடுத்த வாரம் ஒரு பை நிறையக் கொய்யாவோடு வந்து என் முன்னால் வைத்தார்: “ஊட்டுல சொன்னனுங்க. எங்க மாமனாரக் கூட்டிக்கிட்டுப் பழனி மலை ஏறுனாப்ல இருக்குதுன்னு. அவரும் கூடத்தான் ஒக்காந்திருந்தாருங்க, அதான் இன்னைக்குக் கொய்யாவோட ஊட்ட விட்டே கெளம்பிட்டனுங்க.”

‘யாரும் இல்லையா?’

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்ததும், எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து, “யாரும் இல்லையா?” என்பார்கள். நான் யாரும் இல்லை போல. கொடைரோட்டு போட்டோகிராபர் தம்பியும் அப்படித்தான் வந்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். “3600னு வித்துட்டு 2133தான் காட்டுது. பெரிய ஆளு யாரையாச்சும் கூப்புடுங்க” என்று ரேமைக் கவுண்டரில் தட்டி வைத்தான். கான்வென்ட்டில் சிஸ்டர் கூப்பிட்டாலே அழுகிறவள் நான்.

ஆனால் இந்த நோய் எனக்குத் தெரியும். ரேமை வாங்கிச் செருகியதும் அது முழு வேகத்தில் ஓடாது. பெட்டியின் உள் அமைப்புக்குள் போய், ‘டப்பாவில் போட்டிருக்கிற வேகத்திலேயே ஓடு’ என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி உள்ளே போனேன், ஒரு வரியை மாற்றினேன், திரும்ப எழுப்பினேன். 3600. வேறெதையும் தொடவில்லை. தம்பி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். “யக்கா, இனிமே வாசல்லயே நின்னு ‘அக்கா இருக்காகளா’ன்னு கேப்பேன். இல்லன்னா அடுத்த ரயிலப் புடிச்சு ஊருக்கே போயிருவேன்.”

முருகேசனைத் தேடி வந்தவர்

கடையில் இவ்வளவு தைரியமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. விளக்கு வைக்கிற நேரம். கவினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். குடம் விழுந்தது. திரும்பினால், கரைவேட்டி கட்டிய ஓர் ஆள், முன்பின் பார்த்ததில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, குடம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல போதை. “ஏலே முருகேசா, குடிக்கத் தண்ணி கொண்டாடா” என்றார். எதிர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், மாடிப்படி மாறிவிட்டது.

அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் செய்திருக்கலாம். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றேன். குடம் விழுந்த சத்தம் கேட்டு மெஹர் அக்கா கரண்டியோடு வந்து, “எந்திரிங்க, முருகேசன் கீழ நிக்கிறாரு” என்று பொய் சொல்லிப் படி இறக்கிக் கொண்டுபோய், எதிர் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க எனக்குக் கண் மூடவில்லை. தாழ் போட்டால், பிள்ளைக்கு ஒன்று என்றால் யாரும் உள்ளே வர முடியாது. போடாவிட்டால், யார் வேண்டுமானாலும் வரலாம். இரண்டு பயத்தில் எதை வைத்துக்கொள்வது? அதற்கு முன்பே, அக்கா கிளம்பும்போது கோபமாகத்தான் கேட்டிருந்தார்கள்: “தொறந்து போட்ட கதவுக்கு, ஒதவிக்கு வாரவுக யாரு, ஊரு சுத்துறவுக யாருன்னு தெரியுமாம்மா?”

ஒரு சுத்தா, ரெண்டு சுத்தா?

இரண்டு நாள் கழித்து நாகல்நகரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர், பேர் தங்கவேல். பூட்டின் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்துதான் இப்போது அச்சு வெட்டுகிறார்கள். பெட்டி மந்தம். இருக்கிறதிலேயே பெரிய நம்பர் எது என்று கேட்டார். “அண்ணே, ஒங்களுக்கு வாரிக் கொட்டணுமா, கூப்பிட்ட உடனே வரணுமா?” என்றேன். பெரிய பெரிய வீடியோவை ஓட்டுகிறவருக்கு முதலாவது. அவர் ஒரு படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு திருகை நகர்த்தி, மறுபடி பார்க்கிறவர். கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். பெரிய நம்பருக்குப் போகாமல், இடம் கூடுதலாகவும் சி.எல். குறைவாகவும் இருப்பதை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. “தூங்கலையாம்மா?” என்று கேட்டார். கடையில் சொந்தக் கதை பேசுகிறவள் இல்லை நான். அன்றைக்கு என்னவோ எல்லாம் வந்துவிட்டது: வலிப்பு, தாழ்ப்பாள், குடம், முருகேசன். அவர் கேட்டுவிட்டு, கதவு ஒற்றையா ரெட்டையா, பலகை எத்தனை விரல் கனம் என்று மட்டும் விசாரித்தார். பிறகு நான் அவரிடம் கேட்ட மாதிரியே என்னிடம் கேட்டார். “வெளியவும் ஒரு சாவித் தொளை வச்சுத் தாரேன். உள்ள நீங்க தாழ் போட்டுக்கலாம், வெளியிலருந்து சாவி போட்டா அது விலகிரும். ரெண்டு சுத்து வச்சா கம்பி ஆழமாப் போகும், நல்ல வலு. ஒரு சுத்துன்னா வலு கொஞ்சம் கம்மி, ஆனா சட்டுன்னு தொறக்கும். எது வேணும்?”

இவ்வளவு எளிதான வழி ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பயந்தவளுக்குக் கதவு திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். மூன்றாவது ஒன்று கண்ணில் படாது. “ஒரு சுத்துண்ணே” என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா கவினைக் கீழே வேடிக்கை காட்டக் கொண்டுபோனார்கள். இவர் பழைய கதவின் பலகையைத் துளைத்துத் தாழைப் பொருத்தினார். மெஹர் அக்காதான் வீட்டுச் சொந்தக்காரி. தன் கதவில் ஓட்டை விழுவதைப் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார்கள். கிளம்பும்போது தங்கவேல் அண்ணன் இரண்டு சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு ஓரமும் வெட்டிய சாவி, எப்படிப் பிடித்துச் செருகினாலும் நுழையும். “பதட்டத்துல யாரும் சாவியத் திருப்பிப் பாக்க மாட்டாங்கம்மா. ஒண்ணு நீங்க வச்சுக்குங்க. இன்னொண்ண, கூப்பிட்டா ஓடி வாரவுக யாருன்னு பாத்துக் குடுங்க.”

சோதனை ஓட்டம்

அதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சோதிக்காமல் எந்தப் பாகத்தையும் நான் ஒப்புக்கொள்வதில்லை, தொழில் புத்தி. அன்று சாயங்காலம் அக்காவைக் கீழே போகச் சொன்னேன். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கவினைத் தூக்கிக்கொண்டு கதவிலிருந்து தள்ளி நின்றேன். போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, படியில் காலடி கேட்டது. சாவி நுழைந்தது, ஒரே சுத்து, கதவு திறந்தது. மாவுக்கையோடு அக்கா நின்றார்கள். கவின் கை தட்டி, “இன்னொரு வாட்டி” என்றான். அக்கா அவனுக்காக இன்னொரு வாட்டியும் ஓடிவந்தார்கள். எத்தனையோ டப்பாக்களின் பொடி எழுத்தைப் படித்திருக்கிறேன். இவ்வளவு குறைந்த தாமதத்தை எதிலும் பார்த்ததில்லை.

இன்று ராத்திரி அந்த நாற்காலி சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது, குடத்தில் தண்ணீர் இருக்கிறது. கத்தாரிலிருந்து தாழ்ப்பாளின் போட்டோவைக் கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது. நாளைக்கு அனுப்புவேன், கொஞ்சம் அவரும் காத்திருக்கட்டும். படுக்கப் போகும் முன் கவினைப் பார்த்துவிட்டுப் போக வந்த அக்கா, வாசலில் நின்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்கள்: “போ, போய்த் தாழப் போடு. சத்தத்தக் கேட்டுட்டுத்தான் நா எறங்குவேன்.”

வாரிக் கொட்டுகிற வேகத்தை டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும், கூப்பிட்டதும் வருகிறவர்களை நாம்தான் படியில் காலடி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முணுமுணுத்தபடி தாழைத் தள்ளினேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது.